பதம் இறக்காத உளி

என் வீட்டுக்காரர் மரம் கடைவார், நான் உளிகளுக்குச் சாணை பிடிப்பேன். கல்யாணமாகி வந்த இரண்டாம் மாதத்திலிருந்தே எங்கள் பட்டறையில் வேலை இப்படித்தான் பிரிந்திருந்தது. அதியமான்கோட்டையில், ஹைவேயை ஒட்டிப் போகும் சர்வீஸ் ரோட்டில், ஒரு பஞ்சர் கடைக்கும் பேக்கரிக்கும் நடுவில் எங்கள் தகரக் கொட்டகை. கட்டில் கால், ஊஞ்சல் பலகைக்கான தூண், மாடிப்படிக் கைப்பிடியைத் தாங்கும் குட்டித் தூண்கள் என்று மரத்தில் உருண்டையாக எது வேண்டுமானாலும் எங்களிடம் வருவார்கள்.

சாணை எனக்குப் புதிதில்லை. கல்யாணத்துக்கு முன் ஓசூரில் ஒரு சின்ன கம்பெனியில் நான்கு வருஷம் வேலை பார்த்தேன். தேய்ந்துபோன டிரில் பிட்டுகளைத் திரும்பக் கூராக்கித் தருகிற கம்பெனி. பெண்கள் பத்துப் பேர் வரிசையாகக் கல்லின் முன்னால் உட்கார்ந்திருப்போம். அங்கேதான் பொறியைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். இரும்பைக் கல்லில் வைத்த மாத்திரத்தில் அது எந்த வகை என்று சொல்லிவிடுவேன். அரத்து இரும்பு மத்தாப்பு மாதிரி வெள்ளையாக வெடித்துச் சிதறும். லாரிக்கு அடியில் இருக்கிற ஸ்பிரிங் பட்டாவின் பொறி கொஞ்சம் மஞ்சள், பூ குறைவு. ஹைஸ்பீடு ஸ்டீல் வெடிக்கவே வெடிக்காது. மங்கின சிவப்பில் நாலு கோடு இழுத்துவிட்டு அடங்கிப்போகும்.

இங்கே வந்து இவருடைய உளிகளைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பாக வந்தது. முனை ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் இழுத்திருந்தது. கல்லில் அழுத்திப் பிடித்து, நீலம் பூத்து, பதம் போயிருந்தது. "இத வெச்சா கடையறீங்க?" என்று கேட்டேன். "நீ புடிச்சுக் காட்டு பாக்கலாம்" என்றார். பிடித்துக் காட்டினேன். அன்று மத்தியானம் வேப்பங்கட்டையில் ஒரு இழுப்பு இழுத்தார். சீவல் அறுபடாமல் ரிப்பன் மாதிரி அவர் தோளுக்கு மேலே போய் விழுந்தது. திரும்பி என்னைப் பார்த்தார். அதற்கப்புறம் அவர் சாணைக் கல் பக்கம் வந்ததே இல்லை.

கடைசலில் முக்கால்வாசி வேலை குழி உளியில்தான். நடுவில் வாய்க்கால் ஓடுகிற உளி. சதுரக் கட்டையை முதலில் உருட்டி எடுக்க அகலமானது, வளைவு இறக்க நடுத்தரம், பள்ளம் தோண்ட ஒடுக்கமானது. கடையில் விற்கிறது இரண்டு நாளில் மழுங்கிவிடும். அதனால் நாங்களே செய்துகொள்வோம். பழைய இரும்புக் கடையில் போய்ப் பட்டாத் துண்டுகளைத் தட்டிப் பார்த்து நான் பொறுக்குவேன். விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போய் வரும். பொறுக்கினதைப் பாலக்கோட்டுப் பக்கம் இருக்கிற கொல்லரிடம் கொடுத்தால் காய்ச்சி, வாய்க்கால் அடித்து, பதம் வைத்துத் தருவார். பதம் என்பது இதுதான்: ரொம்பக் கடினமாக இருந்தால் இரும்பு கண்ணாடி மாதிரி உடையும், ரொம்ப இளகினால் முனை நிற்காது. இரண்டுக்கும் நடுவில் ஒரு இடத்தில் அதை நிறுத்த வேண்டும். கொல்லர் அதை நிறம் பார்த்துச் செய்வார். வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் எடுத்துவிடுவார். அப்புறம் முனை எழுப்புவது என் வேலை. கல்லில் முனையின் சரிவை முழுதாகப் படிய வைத்து, மணிக்கட்டை மெதுவாக உருட்டி, பிறகு எண்ணெய்க் கல்லில் பிசிரை வழித்து, கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்ப்பேன். வழுக்கினால் கூர் இல்லை. நகத்தைக் கவ்வினால் சரி.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மொரப்பூர் பக்கத்திலிருந்து ஒரு விவசாயக் குடும்பம் வந்தது. புது வீடு கட்டியிருந்தார்கள். மாடிப்படிக்குத் தூண்கள் வேண்டும் என்று போனில் ஒரு படம் காட்டினார்கள். இரண்டு மணி உருண்டைகளுக்கு நடுவில் ஆழமாக ஒரு ஒடுக்கமான பள்ளம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவ்வளவு ஒடுக்கத்துக்கு எங்களிடம் உளி இல்லை. பட்டாவை அந்த அளவுக்கு மெலிதாக்கவும் முடியாது.

"சின்ன வெரல் அகலத்துக்கு ஒண்ணு வேணும் புள்ள" என்றார் என் வீட்டுக்காரர்.

"பண்ணித் தரேன்" என்றேன்.

டப்பாவில் பல் தேய்ந்த உருட்டு அரம் ஒன்று கிடந்தது. தடிமன் சரியாக இருந்தது. மறுநாள் அவர் படிக்கட்டை அளக்க மொரப்பூர் போய்விட்டார். நான் தனியாக உட்கார்ந்து அரத்தின் பல்லை எல்லாம் இழைத்தேன். சின்னக் கல்லில் வாய்க்கால் எடுத்தேன். சூடு ஏறாமல் நிமிஷத்துக்கு ஒரு தடவை தண்ணீரில் நனைத்து நனைத்துச் செய்தேன். பொறி வெள்ளையாகப் பறந்தது. சாயங்காலம் முனை எழுந்தபோது, இத்தனை வருஷத்தில் நான் பிடித்த எந்த உளியிலும் அப்படி ஒரு கூர் வந்ததில்லை. நகத்தில் வைத்தால் அப்படியே நின்றது.

அரம் எவ்வளவு கடினமோ அவ்வளவு உடையக்கூடியது. அரத்தில் உளி செய்தால் கொல்லரிடம் கொடுத்துப் பதம் இறக்கித்தான் கடைசலில் வைக்க வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. பாலக்கோட்டுக்குப் பஸ் ஏறினால் அரை நாள் போகும் என்பது ஒரு காரணம். அதை விடப் பெரிய காரணம், பதம் இறக்கினால் அந்தக் கூர் கொஞ்சம் போகும். எனக்கு அதைக் கொடுக்க மனம் வரவில்லை. அவர் கையில் அது எப்படி வெட்டுகிறது என்று பார்க்க வேண்டும் போலிருந்தது.

காலையில் உளியைக் கையில் வாங்கியதும் திருப்பிப் பார்த்தார். "அரமா?"

"ஆமா."

"கொல்லர்கிட்ட குடுத்துப் பதம் எறக்கினியா?"

"எறக்கியாச்சு" என்றேன்.

அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. நான் சொன்னால் அவருக்கு அது போதும்.

மரம் தேக்கு. தர்மபுரி டவுனில் பழைய வீடுகளை இடித்த மரத்தை வாங்கி விற்கிற ஒரு பாய் கடையிலிருந்து எடுத்தது. உத்தரமாக இருந்து நன்றாக உலர்ந்த மரம். முதல் மூன்று தூணும் பிசகில்லாமல் வந்தன. பள்ளத்தின் உள்பக்கம் தேய்ப்புக் காகிதமே தேவைப்படாமல் பளபளத்தது. "வெண்ணெய்ல எறங்கற மாதிரி எறங்குது" என்று சத்தமாகச் சொன்னார். நான் அப்போது கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து வேறு ஒரு உளியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு உள்ளுக்குள் பெருமை.

நாலாவது தூணில் டக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். பெரிய சத்தம்கூட இல்லை. திரும்பினேன். அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு கீழே உட்கார்ந்திருந்தார். கடைசல் மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. தூசி படாமல் கண்ணுக்குப் போடுகிற கண்ணாடி சுவரில் ஆணியில் தொங்கியது. வேர்வையில் மங்குகிறது என்று அவர் போடுவதில்லை. நானும் வற்புறுத்தியதில்லை.

இதை எழுதுவதற்கு ரொம்ப நாள் தயங்கினேன். நான் முதலில் பார்த்தது அவரை இல்லை, உளியை. கைப்பிடியோடு பாதி உளி, உளியை ஊன்றிப் பிடிக்கிற தாங்கிக்குப் பக்கத்தில் விழுந்திருந்தது. உடைந்த இடம் சாம்பல் நிறத்தில், கற்கண்டை உடைத்த மாதிரி மணி மணியாக இருந்தது. பதம் இறக்கின இரும்பு அப்படி உடையாது. காலால் அதைச் சீவல் குவியலுக்குள் தள்ளினேன். அப்புறம்தான் மிஷினை நிறுத்தினேன், அப்புறம்தான் அவரிடம் ஓடினேன். விரல் இடுக்கில் ரத்தத்தோடு தண்ணீர் மாதிரி ஏதோ வழிந்தது.

பேக்கரிக்காரர் தன் காரில் ஏற்றிக்கொண்டு போனார். தர்மபுரியில் கட்டுப் போட்டு, சேலத்துக்குக் கூட்டிப் போகச் சொன்னார்கள். சேலத்துக் கண் ஆஸ்பத்திரியில் அன்றைக்கே ஆபரேஷன். கண்ணுக்குள் போயிருந்த இரும்புத் துண்டை எடுத்து ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். அரிசி நீளம்கூட இல்லை. ஒரு பக்கம் என் கூர் அப்படியே இருந்தது.

மறுநாள் கொழுந்தன் வந்தார். இவருக்கு ஒரே தம்பி, முன்கோபி, அண்ணன் என்றால் உயிர். என் மாமியாரும் கூட வந்து கட்டிலின் காலடியில் நின்று அழுதுகொண்டிருந்தார்.

"எப்படிண்ணா ஆச்சு?"

இவர் ஒரு கண்ணில் கட்டுப் போட்ட முகத்தோடு மேலே பார்த்தபடி படுத்திருந்தார். என் கை அவர் கைக்குப் பக்கத்தில் இருந்தது. அதை இறுக்கிப் பிடித்தார்.

"கட்டையில ஆணி கெடந்துச்சுடா. உளி பட்டுத் தெறிச்சிருச்சு."

எனக்குப் புரிந்துவிட்டது. ஆணியில் பட்டால் எப்படிச் சத்தம் வரும் என்று அவருக்குத் தெரியாதா? உளி தானாக உடைந்தது அவருக்குத் தெரியும். என் மாமியார் முன்னால், அவர் தம்பி முன்னால் என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொல்கிறார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒரு வாரம் கழித்து டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அந்தக் கண்ணில் இனிப் பார்வை வராது, உள்ளே எல்லாம் சிதைந்திருக்கிறது, அப்படியே விட்டால் அபூர்வமாக நல்ல கண்ணையும் பாதிக்கலாம், எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார். இவரிடம் சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே, "எடுத்துட்டா குழியாத் தெரியுமா?" என்று கேட்டார்.

"வேற வெப்பாங்களாம். பாத்தா தெரியாதாம்."

"உனக்குத் தெரியும்ல?"

ஆபரேஷனுக்கான சம்மதப் படிவத்தை எடுத்து நீட்டினேன். அவர் கையெழுத்துப் போட்டார், கீழே நானும் போட்டேன்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் மரக்கடை பாய் சேலத்துக்கு வந்தார். அறுபது வயசு இருக்கும். பையில் சாத்துக்குடி கொண்டுவந்திருந்தார். உள்ளே வராமல் வார்டு வாசலிலேயே நின்றார். போய்ப் பார்த்தேன். கீழ் உதடு வீங்கி ஓரத்தில் காய்ந்த புண் இருந்தது.

"என்ன பாய், வாயில?"

"அது ஒண்ணுமில்லம்மா. உங்க கொழுந்தனார் வந்திருந்தாரு. அண்ணன் கண்ணு போன வேகம். நான் தப்பா எடுத்துக்கல." பையை மற்ற கைக்கு மாற்றினார். "ஒவ்வொரு கட்டையையும் நானே கையால தடவிப் பாத்துத்தான் குடுத்தேன். எப்படித் தப்புச்சுன்னு தெரியலம்மா. தூக்கமே வரல. என்னால ஒரு மனுசன் கண்ணு போயிடுச்சே."

அப்போது சொல்லியிருக்கலாம். வார்டுக்குள் மாமியார் இருந்தார். சாத்துக்குடிப் பையை வாங்கிக்கொண்டு, "விடுங்க பாய், நடந்தது நடந்துபோச்சு" என்றேன். நான் ஏதோ அவரை மன்னித்துவிட்ட மாதிரி அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் பட்டறையைக் கூட்டினேன். சீவலுக்குள்ளிருந்து பாதி உளியை எடுத்து, இரும்புக் கடைக்குப் போகிற மூட்டையில் அடியில் போட்டேன். மொரப்பூர்க்காரர்கள் வேறு இடத்தில் தூண் வாங்கிக்கொண்டார்கள். இவர் மூன்று மாதம் வீட்டிலேயே இருந்தார். டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் விளிம்புக்கு வெளியே ஊற்றுவார். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடுவதில்லை. நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் சொம்பைக் கீழே வைத்துவிடுவார்.

பட்டறையை மூடிப்போட முடியாது. நான் கடைய ஆரம்பித்தேன். முதலில் கட்டில் கால், சாதாரண உருட்டு. மரம் வேண்டியிருந்தது. கொழுந்தனுக்குத் தெரியாமல் ஒருநாள் டவுனுக்குப் போய்ப் பாய் கடையில் நுழைந்தேன்.

அவர் என்னைக் கவனிக்கவில்லை. ஒரு உத்தரத்துக்கு முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார். பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த வட்டக் காந்தத்தை ஒரு கயிற்றில் கட்டி, மரத்தின் மேல் அங்குலம் அங்குலமாக நகர்த்திக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் முடித்துவிட்டு, மரத்தைப் புரட்டி, மறுபக்கம். பக்கத்தில் ஏழெட்டு உத்தரம் காத்திருந்தது. கடை முகப்பில் வேறு யாரும் இல்லை.

"ஆசாரிமாருங்க ரெண்டு மூணு பேரு வர்றத நிறுத்திட்டாங்கம்மா" என்றார் என்னைப் பார்த்ததும், நான் கேட்காமலே. "ஆணி மரம்னு பேராயிடுச்சு. அதான் இப்படிப் பாத்துப் பாத்துக் குடுக்கறேன். காந்தத்துல தப்பாது பாருங்க."

நான் அங்கேயே ஒரு கட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். "பாய், உங்க மரத்துல ஆணி இல்ல" என்றேன்.

அவர் காந்தத்தைப் பிடித்தபடியே பார்த்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். அரம், கொல்லரிடம் போகாதது, பதம் இறக்கியாச்சு என்று வீட்டுக்காரரிடம் சொன்ன பொய், சீவலுக்குள் தள்ளின துண்டு. சொல்லச் சொல்ல அவர் முகம் கோபமாக மாறவில்லை. வெளுத்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து நின்றார்.

"உங்க கொழுந்தனார் அறைஞ்சப்ப என் மருமகன் இங்கதான் நின்னுக்கிட்டிருந்தான்" என்றார். "கைய ஓங்கிட்டு வந்தவன நான்தான் தடுத்தேன். தப்பு நம்ம மேலன்னு சொல்லித் தடுத்தேன். இப்ப அவன்கிட்ட என்னம்மா சொல்லட்டும்?"

நான் அழுதேன். அவர் தேற்றவில்லை.

"எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? எனக்கு இப்பத் தெரிஞ்சிருச்சு, ஆனா மத்தவங்களுக்கு எப்ப தெரியும்? போயி உங்க வூட்டுல சொல்லுங்க. அப்புறம் மரம் எடுக்க வாங்க."

மரம் இல்லாமல் பஸ் ஏறினேன். அன்று சாயங்காலமே வீட்டில் சொன்னேன். கொழுந்தனை வரச் சொல்லியிருந்தேன். மாமியார் வாசல்படியில் இருந்தார். இவர் நாற்காலியில். உளி உடைந்ததுதான், ஆணி இல்லை என்றதும் கொழுந்தன், "என்னா அண்ணி சொல்றீங்க?" என்று எழுந்தார். இவர் கையைக் காட்டி அவரை உட்கார வைத்தார்.

"அது எனக்குத் தெரியும்டா. நான்தான் ஆணின்னு சொன்னேன். உளி ஒடையறது சகஜம். கொல்லர் பதம் சரியா எறக்கல போல. அவ என்னா பண்ணுவா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உளி உடைந்தது அவருக்குத் தெரியும். நான் பொய் சொன்னது அவருக்குத் தெரியாது. இத்தனை மாதமும் கொல்லரின் தவறுக்கு நான் பழி சுமக்கக் கூடாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் எனக்குப் பாதித் தண்டனையோடு போயிருக்கும்.

"நான் கொல்லர்கிட்ட போகவே இல்லைங்க" என்றேன்.

மாமியார் ஏதோ திட்டத் தொடங்கினார். அது எனக்குக் காதில் விழவில்லை. இவர் நல்ல கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டேன்ல" என்றார். "அன்னிக்கு நான் கேட்டேன்ல?"

"கேட்டீங்க."

"எறக்கியாச்சுன்னு சொன்ன."

"ஆமாங்க."

தலையை ஆட்டினார். கத்தவில்லை, அடிக்கவில்லை. அடித்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

கொழுந்தன் பாயிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். "நான் கேட்டா அண்ணியோட பொய்க்கு நான் கேட்டதா ஆகும்" என்றார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. இரண்டு நாள் கழித்து இவரே தனியாகப் பஸ் ஏறி டவுனுக்குப் போனார். கண் போனபிறகு அவர் தனியாகப் பஸ் ஏறியது அதுதான் முதல் தடவை. அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. திரும்பி வந்தபோது கூடவே ஒரு ஆட்டோவில் மரம் வந்தது. இறக்கி வைத்துவிட்டுச் சாப்பிட்டார். "பாய் டீ வாங்கிக் குடுத்தாரு" என்று மட்டும் சொன்னார், என்னிடம் இல்லை, அவர் அம்மாவிடம். பாயின் மருமகன் அதற்கப்புறம் எங்களுக்கு மரம் ஏற்றித் தருவதில்லை. நாங்கள் போனால் உள்ளே போய்விடுவான்.

இப்போது அவர் திரும்பவும் பட்டறைக்கு வருகிறார். சதுரக் கட்டையை உருட்டி எடுக்கிற முரட்டு வேலையை அவர் செய்கிறார். அதில் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் பாதகமில்லை. மணி, பள்ளம், வளைவு எல்லாம் நான். ஆன்லைனில் பார்த்து ஹைஸ்பீடு ஸ்டீலில் மூன்று குழி உளி வாங்கினேன். வந்ததும் முதலில் கல்லில் லேசாக வைத்துப் பொறியைப் பார்த்தேன். சரியான சரக்குதான். கண்ணாடி போடாமல் இரண்டு பேரும் மிஷினைத் தொடுவதில்லை.

அவருக்கென்று தனியாக இரண்டு உளி வைத்திருக்கிறார். பட்டாவில் அடித்தது. தானே பாலக்கோடு போய்க் கொல்லரிடம் நின்று செய்து வாங்கினார். அவை மழுங்கினால் என்னிடம் தருவதில்லை. நான் கடைந்துகொண்டிருக்கும்போது எனக்குப் பின்னால் கல் சுற்றுகிற சத்தம் கேட்கும். முனை கல்லில் எங்கே படுகிறது என்று அவருக்குத் தெரியாது. இடது விரலால் தடவித் தடவி வைப்பார். முதலில் சரிவின் அடியில் படும், அப்புறம் நுனியில் கீச்சிடும், அப்புறம் ரொம்ப நேரம் ஒரே இடத்தில் அழுத்தம். இரும்பு சுடுகிற வாசனை வரும். நீலம் ஏறுகிறது என்று திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரியும்.

ஒரே ஒரு தடவை, "குடுங்க, நான் புடிச்சுத் தரேன்" என்று கை நீட்டினேன்.

"வேணாம்" என்றார். "எம்மட்டும் வருதோ அம்மட்டும் போதும்."

வீட்டில் பேசிக்கொள்கிறோம். பருப்பு தீர்ந்தது, மழை வரும் போலிருக்கிறது, உன் தங்கச்சி போன் பண்ணினாள், இந்த மாதிரி. போன வாரம் ஒரு தொட்டிலுக்குக் கால் கேட்டு வந்தார்கள், நாலு கால். அவர் உருட்டிக் கொடுத்த கட்டைகளில் மழுங்கின உளி பிய்த்த தழும்பு நெடுகத் தெரிந்தது. அதையெல்லாம் சமமாக எடுக்க எனக்கு ஒரு நாள் கூடுதலாகப் பிடித்தது. நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.